பூனைக்கு நட்ட மரம்

சேவூரில் வேணுகோபால் என்றொரு பட்டு நெசவாளி இருந்தார். அவர் கை தேர்ந்த தொழில்கள் இரண்டு. ஒன்று நெசவு, இன்னொன்று அருவருப்பு. இரண்டில் எதில் அவர் கெட்டிக்காரர் என்று கேட்டால் சேவூர்க்காரர்கள் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். டீக்கடைக்குச் சொந்த டம்ளரோடு போவார். டவுன் பஸ்ஸில் கம்பியைத் துண்டு சுற்றித்தான் பிடிப்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை உறிஞ்சிக் குடித்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். அதனாலேயே அவரைக் கடைசி இலையில், சுவரோரமாக உட்கார வைப்பார்கள்.

தறியிலும் அதே கூத்துதான். இழை அறுந்தால் மற்ற நெசவாளிகள் விரலை நாக்கில் தொட்டு நுனியைத் திரித்து முடிச்சுப் போட்டுவிட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்புவார்கள். வேணுகோபால் மட்டும் ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீரும் பக்கத்தில் சின்னக் கத்தரியும் வைத்திருப்பார். "பல்லால நூலு கடிக்கிறவன் நெய்ஞ்ச பொடவய கட்டிகினு ஒரு பொண்ணு மணையில குந்துதுன்னா, அது ஊரான் எச்சில கட்டிகினு குந்துதுன்னு அர்த்தம்" என்பார். இதைக் கேட்டு அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் தெருவில் நிறையப் பேர்.

அவர் மனைவி செல்லம்மாளுக்கு நேர்மாறான வயிறு. சாணி தட்டிய கையைக் குடத்துத் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு அதே கையால் கருவாட்டுக் குழம்பு பிசைந்து சாப்பிடுவாள். புருஷன் முகம் கோணினால் அவளுக்குச் சிரிப்பு வரும். அந்தக் கருவாடு வெந்துகொண்டிருக்கும்போது அவர் தெருமுனைக்குப் போய் நின்றுகொள்வார். இப்படியே அவர்கள் குடித்தனம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

எமர்ஜென்சி முடிந்து வந்த முதல் தை மாதத்தில் சனியன் பிடித்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்த வயலில் அறுப்பு முடிந்ததும் அங்கே குடியிருந்த எலிகள் குடும்பம் குடும்பமாக வேணுகோபாலின் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. அப்போது தறியில் அரக்குக் கலர் முகூர்த்தப் புடவைக்கான பாவு ஏறியிருந்தது. பாவு என்றால் புடவையின் நீளவாட்டு நூல்கள். தெருவில் நீட்டிக் கட்டி, சோற்றுக்கஞ்சி தடவி, காயவைத்துத் தறியில் ஏற்றுவார்கள். கஞ்சி காய்ந்த பட்டு எலிக்கு அப்பளம் மாதிரி. ஒரு நாள் காலையில் வேணுகோபால் வந்து பார்த்தபோது பாவின் நடுவே ஆள் புகும் அளவுக்கு ஓட்டை இருந்தது. இழை நுனிகளில் எலியின் எச்சில் இன்னும் ஈரமாக இருந்ததைக் கண்டதும், நஷ்டத்தை நினைப்பதற்கு முன்னால் அவருக்குக் குமட்டியது.

பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிற முதலாளி துரை ஆரணியிலிருந்து புல்லட்டில் வந்து இறங்கினார். குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர் அவர், அதுதான் பயம்.

"இந்த ஒரு தடவ பொறுத்துக்கறேன் வேணு. அதே கலர்ல வேற பாவு தரேன். வேலூர்ல பொண்ணு வூட்டுக்காரங்க வைகாசிக்குக் காத்துகினு கீறாங்க. இதுவும் கெட்டா உன் தறிக்கு இனிமே பாவு வராது. எலி கடிச்சிதா, பூனை கடிச்சிதான்னு நான் கேட்டுகினு இருக்க மாட்டேன்."

"இந்தக் கெட்டுப்போனத இன்னாங்க பண்றது?"

"எலி வாய் வச்சத நான் தொட மாட்டேன். நீயே வச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அருவருப்பு விஷயத்தில் தனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான் என்று வேணுகோபாலுக்கு ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் பாவு வராத தறி வெறும் மரம். வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது.

எலி மருந்து வைக்கலாம் என்றால் முடியாது. ஒரு முறை வைத்து, மருந்து தின்ற எலி தறிக்குழிக்கு அடியில் எங்கோ செத்து, அது நாறி முடிகிற வரைக்கும் வேணுகோபால் சோறு தின்னவில்லை. பொறி வைக்கலாம் என்றால் மாட்டிய எலியை வெளியே எடுப்பது யார். செல்லம்மாள் எடுப்பாள். எடுத்துவிட்டு அதே கையால் காபி போடுவாள்.

"எங்க ஜெயவேலு கிட்ட சொல்லி மில்லுல இருந்து ஒரு பூனைய எடுத்தாரச் சொல்றேன்" என்றாள் செல்லம்மாள். அவள் தம்பி ஜெயவேல் களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன்.

"பூனையா. அதுக்கு எலியே தேவலாம்."

"அப்ப எலியவே வச்சிக்கோங்க. தொர வந்து கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயவேல் ஒரு கோணிப்பையோடு வந்து இறங்கினான். பையிலிருந்து வெளியே வந்தது வெளுத்த சந்தன நிறத்தில் ஒரு பெட்டைப் பூனை. ஒரு காது கிழிந்திருந்தது, உடம்பெல்லாம் தவிடு. வந்ததும் வராததுமாக நடுவீட்டில் உட்கார்ந்து காலைத் தூக்கித் தன் பின்பக்கத்தை நக்க ஆரம்பித்தது. வேணுகோபால் எழுந்து வெளியே போனார்.

"மாமா, எங்க மில்லுலயே இதான் கில்லாடி" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னான் ஜெயவேல். செல்லம்மாள் அதற்கு மில்லுக்காரி என்று பேர் வைத்தாள். வேணுகோபால் கடைசி வரைக்கும் அதைக் கஸ்மாலம் என்றுதான் கூப்பிட்டார்.

கில்லாடி என்பது உண்மைதான். எலிகள் குறைந்தன. ஆனால் கொன்ற எலியின் உடம்பைத் தின்றுவிட்டு தலையை மட்டும் தறிக்குழிக்குள் கொண்டுபோய் வைப்பது அதன் வழக்கம். நெசவாளி குழிக்குள் வெறுங்காலை விட்டுத்தான் மிதிகட்டையை மிதிக்க வேண்டும். முதல் நாள் காலையில் வேணுகோபாலின் கட்டைவிரலுக்கும் மிதிகட்டைக்கும் நடுவில் குளிர்ந்து பிசுபிசுவென்று ஏதோ நசுங்கியது. அவர் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுத் தறி நின்றுவிட்டது. காலை அரப்பு போட்டு, சாம்பல் போட்டு, மறுபடி அரப்பு போட்டுக் கழுவினார். அப்போதும் அந்தக் காலைத் தன் கால் என்று நினைக்க அவருக்குப் பிடிக்கவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை மில்லுக்காரி படுக்கிற இடம். துரை கொடுத்த புதுப் பாவு தறியிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தது. அதன் மேலேறி, தூளியில் படுக்கிற மாதிரி நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தூங்கியது. துரத்தினால் குதிக்கும், குதிக்கும்போது இரண்டு மூன்று இழை போகும். அரக்குப் பட்டின் மேல் வெளுத்த மயிர் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எலி தின்ற வாயோடு, எங்கெங்கோ நக்கிய நாக்கோடு, ஒரு பெண் தாலி கட்டிக்கொள்ளப் போகிற பட்டின் மேல் அது புரண்டது.

பூனையைக் கொன்றால் ஏழு ஜென்மத்துக்குப் பாவம் என்பதால் அவர் மற்றவர்கள் செய்வதைச் செய்தார். கோணியில் போட்டுக் கட்டி, களம்பூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆற்றுப்பாலம் தாண்டுவதற்குள் மடி சூடாகி நனைந்தது. பக்கத்து ஸீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றார். பிறத்தியாரின் நாற்றத்துக்கு எழுந்து போகிறவர் வேணுகோபால். இப்போது அவர் நாற்றத்துக்கு இன்னொருவன் எழுந்து போனான். அந்த அவமானத்தை அவர் பூனையை மன்னித்த பிறகும் மன்னிக்கவில்லை, பூனையையும் அவர் மன்னித்ததாகச் சொல்ல முடியாது.

மில்லு வாசலில் விட்டுவிட்டு வந்து தலைக்குக் குளித்தார். அந்த வாரமே எலிகள் திரும்பி வந்து, பாவின் ஓரத்தில் பல் வைத்துப் பார்த்தன. அதற்கடுத்த வாரம் மில்லுக்காரி திரும்பி வந்தது. இளைத்து, சேற்றோடு, நேராகப் பாவின் மேலேறிப் படுத்தது. வேணுகோபால் கையில் விளக்குமாறோடு நின்று இரண்டையும் யோசித்தார். பூனை இல்லாவிட்டால் பாவு எலிக்கு. பூனை இருந்தால் பாவு பூனைக்கு. பூனை வீட்டில் இருக்க வேண்டும், பாவின் மேல் இருக்கக் கூடாது. அதற்கு ஒரே வழி, பாவைவிட நல்ல இடமாக அதற்கு ஒன்று செய்து கொடுப்பது.

அன்றிலிருந்து அவர் தறியில் உட்கார்ந்துகொண்டே அதைக் கவனித்தார். வெறுப்போடுதான் கவனித்தார், ஆனால் நெசவாளியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. உயரம் வேண்டும் அதற்கு. எலி வருகிற சுவரோரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பல்பின் சூடு முதுகில் பட வேண்டும். எழுந்ததும் நகத்தை எதிலாவது இழுத்துக் கீற வேண்டும். எல்லாவற்றையும்விட, இடம் ஆடக் கூடாது.

ஆடக் கூடாது என்பதை முதல் தடவை தப்பு செய்துதான் தெரிந்துகொண்டார். ஒரு மூங்கிலைச் சாக்குப்பையில் மண் போட்டு நிறுத்தி, மேலே பழைய முக்காலியின் பலகையை ஆணியடித்து வைத்தார். மில்லுக்காரி ஒரே ஒரு தடவை ஏறியது. மூங்கில் சாய்ந்து, பூனையும் பலகையும் செல்லம்மாளின் மாவுப் பானையில் விழுந்தன. அதற்கப்புறம் அது மூங்கில் பக்கமே போகவில்லை. அந்த மாவில் செல்லம்மாள் தோசை சுட்டாளா என்று அவர் கடைசி வரை கேட்கவில்லை, தோசையும் தின்னவில்லை.

இரண்டாவது தடவை தறி நடுகிற மாதிரியே நடுவது என்று முடிவு செய்தார். நெய்த துணியைச் சுற்றுகிற கனத்த உருளைக் கட்டைக்குப் படமரம் என்று பேர். அப்பா காலத்துப் படமரம் ஒன்று விரிசல் விட்டுப் பரணில் கிடந்தது. அதை இறக்கி, மண் தரையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி நிறுத்தினார். உடைந்த செங்கல்லும் செம்மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் விட்டு, கடப்பாரையின் மொண்ணைப் பக்கத்தால் இடித்தார். படமரத்தைத் திருப்பக் கம்பி செருகுகிற சதுரத் துளைகள் அதில் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் குறுக்குக் கட்டைகளை இறுக்கி அறைந்து, பழைய கதவுப் பலகையை அறுத்து மூன்று தட்டு வைத்தார். கீழ்த்தட்டு தாவி ஏற, நடுத்தட்டு திரும்ப, பாவின் மட்டத்துக்கு நன்றாக மேலே பல்புக்குப் பக்கத்தில் மேல்தட்டு. தூக்கத்தில் உருண்டு பாவின் மேல் விழாமலிருக்க மேல்தட்டுக்கு நாலு பக்கமும் ஒரு விரல் உயரத்துக்கு விளிம்பு கட்டினார்.

ஆடுகிறதா என்று பார்க்க மேல்தட்டுக் கட்டையைப் பிடித்துத் தன் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பலராமன் நெருப்புப்பெட்டி கேட்க உள்ளே வந்தான்.

"இன்னா வேணு, இது பூனைக்கா, உனக்கா?"

"நெருப்பெட்டி மாடத்துல கீது. எடுத்துகினு போ."

"கோயில் கொடிமரத்தக்கூட இப்படி நட மாட்டாங்க" என்று பலராமன் தெருவெல்லாம் சொல்லிவிட்டான். சாயங்காலத்துக்குள் பாதித் தெரு வந்து பார்த்துவிட்டுப் போனது. வேணுகோபாலுக்கு எரிச்சலாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இனி பூனை கீறுவதற்கு மரத்தைச் சுற்றி ஏதாவது கட்ட வேண்டும். "தாம்புக்கயிறு கீது, சுத்துங்க" என்று கொட்டகையிலிருந்து தேங்காய் நார்க்கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள் செல்லம்மாள். மாடு கட்டிய கயிறு. சாணியும் மாட்டு மூத்திரமும் ஊறிக் கறுத்திருந்தது. இதைத் தறி இருக்கிற இடத்தில், பட்டுக்குப் பக்கத்தில், தன் கையால் சுற்றுவதா. வேணுகோபால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலி கடித்துப்போன அரக்குப் பாவு மூட்டையாகக் கிடந்தது. எலி வாய் வைத்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை முறுக்கி, கஞ்சியின் விறைப்போடு அடியிலிருந்து மேல்தட்டு வரை நெருக்கமாகச் சுற்றினார். சுத்தமாக இருந்தது, வழவழப்பாக இருந்தது. ஊரிலேயே பட்டுடுத்திய பூனைமரம் அது ஒன்றுதான்.

மில்லுக்காரி ஏறியது. முகர்ந்தது. பட்டில் நகத்தைப் பதித்து ஒரு இழு இழுத்துப் பார்த்து, அந்தச் சத்தம் பிடித்துப்போய் இன்னொரு தடவை இழுத்தது. அப்புறம் மேல்தட்டில் போய்ச் சுருண்டு படுத்தது. பாவின் பக்கம் திரும்பவே இல்லை. பங்குனி முழுக்க வேணுகோபால் நிம்மதியாக நெய்தார். முந்தானை முடிந்து உடல் பாதி ஏறியது.

சித்திரையில் ஒரு மத்தியானம் செல்லம்மாளோடு ஆரணிக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், மில்லுக்காரி பாவின் மேல் பின்னங்காலை ஊன்றிக்கொண்டு முன்னங்கால் இரண்டாலும் நிதானமாக, ஒழுங்காக, பழகிய கையாகப் பட்டைக் கீறிக்கொண்டிருந்தது. ஒரு முழ அகலத்துக்கு இழைகள் அறுந்து தொங்கின. வேணுகோபால் செருப்பைக் கழற்றி எறிந்தார். பூனை மரத்தின் உச்சிக்குப் போய் உட்கார்ந்து, தன் மேல் என்ன தப்பு என்பது போல அவரைப் பார்த்தது.

செல்லம்மாள் மரத்தையும் பார்த்தாள், பாவையும் பார்த்தாள். "அதே கலரு. அதே கஞ்சி வாசன. அதுக்கு இன்னா தெரியும்? பட்டுன்னா கீறணும்னு நீங்கதான பழக்கி வச்சிகீறீங்க."

வேணுகோபால் கீழே உட்கார்ந்துவிட்டார். பூனையின் மேல் வந்த கோபம் போக இடமில்லாமல் அவர் மேலேயே திரும்பியது. மாட்டுக்கயிற்றைத் தொட மனம் வராமல் பட்டைச் சுற்றிய தன் சுத்தத்தின் மேல் முதல் தடவையாக அவருக்கே அருவருப்பு வந்தது.

அறுந்த இழைகளை ஒட்டுப்போட அதே சாயத்தில் நூல் வேண்டும். முதலாளியிடம் போய்க் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். அந்தச் சாய நூல் உலகத்தில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அந்த மரத்தின் மேல். அவரே உட்கார்ந்து அவிழ்த்தார். பூனை எச்சில், தெள்ளுப்பூச்சி, உதிர்ந்த நகத்தோல், எங்கும் மயிர். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அவிழ்த்தார். நல்ல இழையாகப் பொறுக்கி, பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் அலசி அலசிக் காயப்போட்டார். அப்புறம் மாட்டுக் கயிற்றை எடுத்து மரத்தில் சுற்றினார். பூனை அதைச் சட்டை செய்யவில்லை. "கருவாட்டுத் தலைய தேய்ச்சி வுட்டா வரும்" என்றாள் செல்லம்மாள். தேய்க்க அவள் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்ததும், கருவாட்டின் பேரைக் கேட்டாலே தெருமுனைக்குப் போகிற அந்த மனிதர் நெத்திலித் தலைகளைக் கையில் எடுத்து, கயிற்றில் மேலும் கீழுமாகத் தேய்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

மில்லுக்காரி கயிற்றுக்கு வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் எதிரும் புதிருமாகக் குனிந்து இழைக்கு இழை ஒட்டுப் போட்டார்கள். முடிச்சு தெரியாமல், நிறம் மாறாமல் நெய்து, வைகாசி பிறப்பதற்கு முன்னால் வேணுகோபால் தறியிலிருந்து புடவையை அறுத்தார்.

துரை வந்து பாயில் உட்கார்ந்தார். புடவையை விரித்துக் கை வைத்துத் தடவினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா வந்துகீது" என்றார். வேணுகோபாலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. துரை நிமிர்ந்து, "அது இன்னாய்யா மரம்?" என்று எழுந்து பூனைமரத்தின் பக்கம் போனார்.

அந்த நேரத்தில் வேணுகோபால் அதைப் பார்த்தார். உடலும் கரையும் சேருகிற இடத்தில், ஜரிகைக்குப் பக்கத்தில், அரக்குப் பட்டோடு பட்டாக நெய்யப்பட்டு ஒரு வெளுத்த மயிர். ஒட்டுப்போட்ட நூலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நுனி மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பட்டில் மாட்டக் கூடாதென்று நெசவாளி நகத்தை ஒட்ட வெட்டியிருப்பான், விரலால் பிடிக்க வரவில்லை. கத்தரி தறிமேல் இருந்தது. எழுந்து போனால் முதலாளி திரும்பிப் பார்ப்பார். துரை மரத்தை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மரம் ஆடவில்லை.

வேணுகோபால் புடவைக்குக் கும்பிடு போடுகிறவர் மாதிரிக் குனிந்தார். முன்பல்லால் அந்த மயிரைக் கவ்வி, ஜரிகை சுருங்காமல், மெல்ல இழுத்தார். வந்துவிட்டது. நாக்கின் மேல் கிடந்தது.

"பலமாத்தான் நட்டுகீற. மூட்டை தாங்கும்போல. நம்ம குடோனுக்கு ஒண்ணு இப்படி நட்டுத் தரியா வேணு?" என்று கேட்டுக்கொண்டே துரை திரும்பினார்.

துப்ப வழியில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாக வேண்டும். வேணுகோபால் விழுங்கினார். "நட்டுத் தரேங்க" என்றார்.

"சரி, ஜல்தியா நாளைக்கே வந்து அடுத்த பாவ எடுத்துக்க. மயில்கழுத்துக் கலரு."

வேணுகோபால் மேலே பார்த்தார். மேல்தட்டில் மில்லுக்காரி காலைத் தூக்கிக்கொண்டு தன்னை நக்கிக்கொண்டிருந்தது. தொண்டையில் அந்த மயிர் இன்னும் அசைகிற மாதிரி இருந்தது.

"மயில்கழுத்து வேணாங்க மொதலாளி. சந்தனக் கலரு இருந்தா குடுங்க."

"ஏன்யா?"

"சந்தனம் மங்களகரமா இருக்குங்க."

அதற்கப்புறம் எண்பதுகள் முடிகிற வரைக்கும் அவர் தறியில் அடர்ந்த நிறம் ஏறவே இல்லை. சந்தனக் கலர் என்றால் சேவூர் வேணுகோபால் கைதான் என்று ஆரணிக் கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மில்லுக்காரியும், அதன் குட்டிகளும், குட்டிகளின் குட்டிகளும் அந்த மரத்தின் மேல்தட்டில் படுத்துக் கிடந்தன. எல்லாம் அதே வெளுத்த நிறம். தெருவில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் செல்லம்மாள் மட்டும்தான் போய்வந்தாள். மணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்க்க வேணுகோபாலுக்குத் தைரியம் இல்லை.